தண்டவாளத்துக்கு அண்டை வீட்டார்

ஒலியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. ஓசை, ஒலி, அரவம், சந்தடி, இரைச்சல், முழக்கம், ஆரவாரம், கம்பலை என அப்பட்டியல் நீளும். இவற்றுள் செவிக்கு இனியதை ஓசை என்றும், இன்னாததை இரைச்சல் என்றும் வேறுபடுத்திச் சொல்வது இன்றைய வழக்கு. இரயில் வண்டி எழுப்புவது ஓசையா, இரைச்சலா? விடை கூறுபவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

நம் சிறுகதைகளிலும் திரைப்படங்களிலும் இரயிலின் ஒலி பெரும்பாலும் ஏக்கத்தின் அடையாளமாகவே வந்து போகிறது. பிரிவையும், நகரத்தைப் பற்றிய கனவையும், நள்ளிரவின் தனிமையையும் காட்ட விரும்பும் எழுத்தாளர் தொலைவில் ஒரு வண்டியை ஊதச் செய்கிறார். இரண்டு கல் தொலைவிலிருந்து கேட்பவருக்கு அது பொருத்தமே. இருபது மீட்டர் தொலைவில் வாழ்பவரின் அனுபவம் வேறு. அங்கே அலமாரியிலுள்ள கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசும். சுவரில் மாட்டிய நாட்காட்டி அசையும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும். நம் இலக்கியம் இந்த ஒலியைத் தொலைவிலிருந்தே கேட்டிருக்கிறது என்பது என் எண்ணம். அருகிருந்து கேட்டவர்கள் எழுதியது குறைவு. இடையூறற்ற ஒரு மணி நேரம் அவர்களுக்கு எழுத வாய்க்கவில்லை போலும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவ்வேடிக்கையில் உண்மையும் உண்டு.

அருகிருப்போரிடம் கேட்டால், அவர்கள் கூறும் விடை பெரும்பாலும் ஒரே சொல்தான்: 'பழகிவிட்டது'. இச்சொல்லை நாம் எளிதாகக் கேட்டுக் கடந்து விடுகிறோம். அவர்களுக்கே தொல்லை இல்லையெனில் நமக்கென்ன கவலை என்று மன அமைதியும் கொள்கிறோம். இச்சொல்லின் பொருளைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சிராப்பள்ளி–தஞ்சாவூர் இருப்புப்பாதையை ஒட்டிய ஒரு தெருவில். தென்னகத்தின் பழைய பாதைகளுள் அது ஒன்று. நாகப்பட்டினத்தில் தொடங்கிய பாதை 1861, 1862ஆம் ஆண்டுகளில் தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. முதலில் அகலப்பாதையாக இடப்பெற்று, 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டு, 1990களின் இறுதியில் மீண்டும் அகலமாக்கப்பட்ட வரலாறு அதற்குண்டு. அண்மை ஆண்டுகளில் அது இரட்டைப் பாதையாகவும் மின்பாதையாகவும் மாறியுள்ளது. நாகப்பட்டினத்திலிருந்த இரயில்வே பணிமனை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றப்பட்ட பின், பணி தேடி வந்தோரும் பணியிலிருந்தோரைச் சார்ந்து தொழில் நடத்தியோரும் பாதையின் இருமருங்கும் வீடு கட்டினர். எங்கள் பாட்டனார் அவ்வாறு வந்தவருள் ஒருவர். தோல் செருப்பும் பையும் தைத்து விற்றவர். அவருடைய வாடிக்கையாளர் பலர் பணிமனைத் தொழிலாளர்.

இரைச்சலைப் பற்றி எவரேனும் முறையிட்டால் உடனே எழுப்பப்படும் எதிர்வினா ஒன்றுண்டு: 'பாதை முன்னே வந்தது, நீங்கள் பின்னே வந்தீர்கள். தெரிந்தே குடியேறிவிட்டு இப்போது குறை கூறலாமா?' கேட்பதற்கு நேர்மையானதாகவே இது தோன்றும். ஆயின் எங்கள் பாட்டனார் குடியேறியது ஒற்றை மீட்டர் பாதைக்கு அருகில். நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே அன்று ஓடின. அதே இடத்தில் இன்று இரண்டு பாதைகள் உள்ளன. காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிகள் செல்கின்றன. பயணிகள் வண்டிகளுக்குப் பகலில் வழிவிட வேண்டியிருப்பதால் சரக்கு வண்டிகள் இரவை நாடுகின்றன. பாட்டனார் எந்தப் பாதைக்கு அருகில் வீடு கட்டினாரோ, அந்தப் பாதை இன்று அங்கில்லை. 'முன்னே வந்தது' என்ற வாதம் இங்கேயே பாதி தளர்ந்து விடுகிறது.

மற்றொரு வாதமும் உண்டு. பாதையோரத்து மனையின் விலை குறைவு. அக்குறைவே இரைச்சலுக்கான இழப்பீடு என்பர் பொருளியல் பயின்றோர். விலை பேசியவருக்கு அது பொருந்தலாம். அவ்வீட்டில் பிறந்த குழந்தை எவரோடும் விலை பேசவில்லை. வாடகைக்கு இருப்போரின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. வசதி வந்தவுடன் பாதையோரத்திலிருந்து முதலில் வெளியேறுவோர் வசதி வந்தவர்களே. எஞ்சி நிற்பவர் வேறிடம் செல்ல இயலாதவர். இரைச்சல் அனைவர் மீதும் ஒரே வகையாகப் பெய்வதில்லை. அது கூரை தாழ்ந்த வீடுகளின் மீதே மிகுதியாகப் பெய்கிறது.

இனிப் 'பழகிவிட்டது' என்ற சொல்லுக்கு வருவோம்.

எங்கள் அத்தா பேசிக்கொண்டிருக்கும்போது சொற்றொடரின் நடுவே நிறுத்துவார். வண்டி கடந்து முடிந்ததும், விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். வந்திருக்கும் விருந்தினர் திகைத்துப் போவர். எங்களுக்கோ அது நிறுத்தமாகவே தோன்றியதில்லை. எங்கள் இல்லத்துக்கு மருமகளாக வந்த அண்ணியார் முதல் வாரம் முழுவதும் உறங்கவில்லை. மூன்றாம் மாதத்தில், படுத்தபடியே 'இன்று மைல் வண்டி தாமதம்' என்று சொல்லும் தேர்ச்சி அவருக்கு வந்துவிட்டது. மனிதச் செவியின் இந்த ஆற்றல் வியக்கத்தக்கதே. மாறாத ஒலியையும் பொருளற்ற ஒலியையும் மூளை ஒதுக்கித் தள்ளக் கற்றுக்கொள்கிறது. இஃதன்றேல் பாதையோரத்தில் ஒருவரும் வாழ முடியாது.

ஆயின் மூளை ஒதுக்குவதை உடல் முழுவதும் ஒதுக்கிவிடுவதில்லை. உறக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டியுள்ளன. சில இரவுகள் கழிந்ததும் வண்டியின் ஒலிக்கு விழித்தெழுவது குறைகிறது. அம்மட்டில் பழக்கம் உண்மையே. விழித்தெழாத போதும், வண்டி கடக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு விரைகிறது; ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமான உறக்கமாகிறது. உறங்குபவருக்குக் காலையில் இதன் நினைவு இராது. களைப்பு மட்டும் இருக்கும். அதற்கு அவர் வேறு காரணம் தேடுவார். இவ்வகையில் பல்லாண்டுகள் இரைச்சலுக்கு ஆட்பட்டவர்க்கு இதய நோய்க்கான வாய்ப்புக் கூடுகிறது என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளுக்காக 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், இரயில் ஒலியின் இரவு நேரச் சராசரி 44 டெசிபெல்லுக்குக் கீழ் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு கட்டின. அமைதிப் பகுதி என அறிவிக்கப்பெற்ற இடங்களுக்கு அவ்வரம்பு 50, 40 எனக் குறையும். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

டெசிபெல் என்னும் அளவை சற்று வஞ்சகமானது. அது மீட்டர், கிலோ போலக் கூட்டிக் கழிக்கும் அளவன்று. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவு எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடங்கள். அதில் ஒரே ஒரு சரக்கு வண்டி ஒரு நிமிட நேரம் 80 டெசிபெல் ஒலியுடன் வீட்டைக் கடப்பதாகவும், மீதி 479 நிமிடங்கள் பேரமைதி நிலவுவதாகவும் கொள்வோம். அவ்விரவின் சராசரி ஏறத்தாழ 53 டெசிபெல். நான்கு வண்டிகள் கடந்தால் 59. ஆக, ஒரே வண்டி கடந்தாலும் 45 என்னும் வரம்பு மீறப்படுகிறது. மேலும் உறங்குபவர் எவரும் சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டே விழிக்கிறார். விதிகளின் முகப்பிலோ தொழிலகம், கட்டுமானம், பட்டாசு, மின்னாக்கி, ஒலிபெருக்கி, வாகன ஒலிப்பான் என ஒவ்வொன்றும் பெயரால் சுட்டப்படுகின்றது. இரயில் வண்டி அங்கே பெயரால் சுட்டப்படவில்லை. 'பிற இயந்திரக் கருவிகள்' என்ற தொகைச் சொல்லுக்குள் அதைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

கற்பிக்கும் தொழிலில் இருப்போர் நெஞ்சில் பதிக்கத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் ஒரு தொடக்கப்பள்ளி. அதன் ஒரு பக்க வகுப்பறைகளுக்கு ஏறத்தாழ 220 அடி தொலைவில் உயர்பாலத்தின் மீது இரயில் ஓடியது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை வண்டி. கட்டடத்தின் மறுபக்க வகுப்பறைகளோ அமைதியாக இருந்தன. பள்ளி ஒன்றே, ஆசிரியர் தரமும் பாடமும் ஒன்றே. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியல் பேராசிரியை இருபக்க மாணவர்களின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டு 1975ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். இரைச்சல் பக்கத்து மாணவர் மேல் வகுப்புகளில் ஏறத்தாழ ஓராண்டு அளவுக்குப் பின்தங்கியிருந்தனர். வண்டி வரும்போதெல்லாம் ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். ஒலியை ஒதுக்கப் பழகும் குழந்தை, அதனோடு சேர்த்து ஆசிரியரின் குரலையும் ஒதுக்கிவிடக் கூடும் என்பது மற்றொரு விளக்கம். இதற்குப் பின் நிகழ்ந்ததே நமக்கு முதன்மையானது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் தட்டுகள் வைக்கப்பட்டன; வகுப்பறைக் கூரைகளில் ஒலியுறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. அவரே மீண்டும் ஆய்ந்து 1981இல் வெளியிட்ட கட்டுரையில் இருபக்க மாணவரிடையே வேறுபாடு இல்லை என்று கண்டார்.

அக்குழந்தைகளும் அதுவரை 'பழகிவிட்டது' என்றுதான் சொல்லியிருப்பர்.

நம் வகுப்பறையில் பின்வரிசையில் அமர்ந்து கண் அயரும் மாணவனை எழுப்பி நிறுத்தி வினவுகிறோம். சோம்பல் என்று முடிவு கட்டுகிறோம். அவன் வீடு எங்குள்ளது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மனப்பாடப் பகுதியை மூன்றாம் அடியில் விட்டுவிடும் மாணவியின் வீட்டில், அவள் படிக்கும் நேரத்தில் எத்தனை வண்டிகள் கடக்கின்றன? எல்லாத் தோல்விக்கும் இரயிலே காரணம் என்று நான் வாதிடவில்லை; மாணவர்கள் இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டி மதிப்பெண் கேட்க வேண்டாம். ஆயின் வறுமை, தொலைவு, நோய் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும் ஆசிரியர் இரைச்சலையும் கணக்கில் கொள்ளுதல் நேர்மையாகும்.

இரயிலின் இரைச்சல் ஒன்றன்று; பலவற்றின் கூட்டு. சக்கரமும் தண்டவாளமும் எஃகு. இரண்டின் பரப்பிலும் கண்ணுக்குப் புலனாகாத மேடுபள்ளங்கள் உண்டு. அவை ஒன்றன்மேல் ஒன்று உருளுகையில் இரண்டும் அதிர்ந்து ஒலிக்கின்றன. பரப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு அமைதி. முன்னாளில் 12, 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் வைத்து இணைத்தனர். வெயிலில் நீளுவதற்காக இடைவெளியும் விட்டனர். அவ்விடைவெளியைச் சக்கரம் தாண்டும்போது எழுந்ததே, நம் தலைமுறை விளையாட்டில் பாடிக் காட்டிய 'தடக் தடக்'. இன்று நெடுந்தொலைவுக்குப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்து அத்தாளத்தைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. நீராவி எஞ்சினின் மூச்சிரைப்பும் டீசல் எஞ்சினின் உறுமலும் மின் எஞ்சின் வந்தபின் குறைந்தன. வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதும், பிரேக் பிடித்து இழுபட்டுத் தேய்ந்த சக்கரம் சம்மட்டி போல் அறைவதும் இன்றும் உள்ளன. அடிக்கட்டு இல்லாத இரும்புப் பாலத்தின் மேல் வண்டி ஏறினால் பாலம் முழுவதுமே முரசாகிறது. ஒரு சக்கரத்தை உரிய காலத்தில் கடைசல் செய்தால் பல நூறு வீடுகளின் இரவு மேம்படும். பணிமனைத் தொழிலாளரும் தம் உழைப்பின் இப்பயனை அறிந்திருப்பது நன்று.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, இருப்புப்பாதையோரத்தாரை மிகுதியாகத் துன்புறுத்துவது ஊதல். கேட்டுக்கு முன்னதாகப் பாதையோரத்தில் மஞ்சள் பலகையொன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 'டபிள்யூ', 'எல்' என்னும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதைக் கண்டதும் ஓட்டுநர் ஊத வேண்டும். கேட்டைக் கடக்கும்வரை ஊத வேண்டும். நள்ளிரவு இரண்டு மணியாயினும் விலக்கில்லை. ஓட்டுநரைக் கடிந்து கொள்வது அறியாமை. அவர் ஊதத் தவறி ஓர் உயிர் போயின் பழி அவர்மீதே விழும்.

ஊதலை நிறுத்துக என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. பாதையோரத்து வாழ்வில் இரைச்சல் பகையும் காவலும் ஆகும். பால் வாங்கவும் பள்ளிக்குச் செல்லவும் தொழுகைக்குச் செல்லவும் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர் எங்கள் தெருவில் நாள்தோறும் பலர். 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவர்கள் அறிவர். சுற்றுவழியோ நெடுந்தொலைவு. அவர்கள் கண்ணை விடக் காதையே நம்பிக் கடக்கின்றனர். இங்கேதான் பழக்கம் உயிருக்கு உலை வைக்கிறது. வண்டியின் ஒலியைக் கேளாதிருக்கப் பல்லாண்டு பழகிய செவி, கேட்க வேண்டிய கணத்திலும் கேளாதிருந்து விடலாம். டீசல் எஞ்சின் நெடுந்தொலைவிலேயே தன் வருகையை அறிவித்தது. மின் எஞ்சின் இழுக்கும் வண்டி வெகு அருகில் வரும்வரை மெல்லவே வருகிறது. ஒரு பாதையில் சரக்கு வண்டி முழங்கிச் செல்கையில், மறு பாதையில் எதிர்த்திசையிலிருந்து வரும் வண்டியின் ஒலி அதில் அமிழ்ந்துவிடுகிறது. இரட்டைப் பாதை வந்த ஊர்களில் முதியோர் இதை உணர்ந்திருப்பது அரிது. அவர்தம் வாழ்நாள் பழக்கம் ஒற்றைப் பாதைக்குரியது. காதில் ஒலிக்கருவி பொருத்திக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கும் இளைஞரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாள்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

எனவே ஊதலைக் குறைக்க நேரிய வழி, ஊத வேண்டிய தேவையைக் குறைப்பதே. ஆளில்லாக் கடவுகள் அகலப்பாதைகளில் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் ஒழிக்கப்பட்டன, அது பெருஞ்செயல். ஆளுள்ள கேட்டுகளும் மேம்பாலமாகவோ சுரங்கப்பாதையாகவோ மாற்றப்படும் இடங்களில் மஞ்சள் பலகைக்கு வேலையில்லை. சுரங்கப்பாதை கேட்டு மனுக் கொடுக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் போக்குவரத்து நெரிசலை மட்டுமே காரணமாக எழுதுகின்றனர். 'இரவு உறக்கம்' என்பதையும் ஒரு காரணமாக எழுதலாம், எழுத வேண்டும். மழைநீர் தேங்காத சுரங்கப்பாதை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுவது நலம்.

வீட்டளவில் செய்யக்கூடியவை என்ன? மேலைநாட்டு நூல்கள் இரட்டைக் கண்ணாடிச் சன்னலைப் பரிந்துரைக்கின்றன. சித்திரை மாதத்துத் திருச்சியில் சன்னலை மூடிக்கொண்டு உறங்கு என்பவர் அவ்வூரில் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும். சன்னல் திறந்திருப்பின் வெளியொலியில் 10 முதல் 15 டெசிபெல் அளவே உள்ளே குறையும். ஆகவே சன்னல் எந்தத் திசையில் உள்ளது என்பதே முதன்மையான வினா. புதிதாகக் கட்டுவோர் சமையலறை, குளியலறை, படிக்கட்டு ஆகியவற்றைப் பாதைப் பக்கமும், படுக்கையறை, படிப்பறை ஆகியவற்றை மறுபக்கமும் அமைக்கலாம். இதற்குக் கூடுதல் செலவில்லை. பழைய வீட்டில் கட்டிலின் இடத்தை மாற்றலாம். பாதையை நோக்கிய சுவரில் நூல்களும் துணிகளும் நிரம்பிய பேரலமாரியை வைக்கலாம். கதவின் அடியிலுள்ள இடுக்கை அடைக்கலாம். காற்று நுழையும் இடுக்கு எதுவும் ஒலியும் நுழையும் வழியே. மரங்கள் நட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நிழலுக்கும் மனநிறைவுக்கும் மரம் நடுக. நான்கு வேப்பமரங்கள் ஒலியைத் தடுப்பதில்லை. பத்துக்கணக்கான மீட்டர் அகலமுள்ள அடர்ந்த தோப்பாயினும் ஒரு சிறிதே தடுக்கும். இடைவெளியற்ற செங்கற்சுவர் ஒன்று, சக்கரத்தைக் கண்ணுக்கு மறைக்கும் உயரத்தில் நின்றால், மறைத்த அளவிலேயே ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். மேலும் உயர உயர மேலும் குறையும். சக்கரம் தெரியாத இடத்தில் இரைச்சல் குறையும் என்பதை எளிய விதியாகக் கொள்ளலாம். அச்சுவர் குறுக்கே கடப்பதையும் தடுப்பதால், கடப்பதற்குச் சுரங்கவழியோ நடைமேம்பாலமோ சேர்த்தே கட்டப்பட வேண்டும். இல்லையெனில் ஊரார் ஒரு மாதத்தில் சுவரில் ஓட்டை போட்டுவிடுவர். பல ஊர்களில் நாம் கண்டதே.

இத்தகைய கோரிக்கைகள் நடவாதவை அல்ல. சப்பானில் 1964இல் சின்கன்சென் அதிவேக வண்டி ஓடத் தொடங்கியபோது உலகமே வியந்தது. அதன் பாதையோரத்து நகோயா நகர மக்களுக்கு வியப்பைவிட அதிர்வே மிகுதி. அவர்களுள் 575 பேர் 1974ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். நாட்டின் பெருமையை எதிர்த்து வழக்காடுவதா என்று அவர்களை நோக்கிக் கேட்டோரும் இருந்திருப்பர். மறு ஆண்டே, 1975இல், அந்நாட்டு அரசு சின்கன்சென் ஒலிக்குக் குடியிருப்புப் பகுதியில் 70 டெசிபெல் என வரம்பு வகுத்தது. வழக்கு 1986இல் உடன்பாட்டில் முடிந்தது. வேகத்தை அறவே குறைக்க வேண்டும் என்ற அவர்களது கோரிக்கையை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆயினும் அதன் பின் சப்பானியப் பொறியாளர் வடிவமைத்த ஒவ்வொரு புதிய வண்டியிலும் வேகத்தோடு ஒலியும் ஒரு கணக்காயிற்று. செர்மனியில் நெடுங்காலம் ஒரு சலுகை இருந்தது. சாலை இரைச்சலைவிட இரயில் இரைச்சல் மக்களை உறுத்துவது குறைவு என்று கருதி, இரயிலுக்கு மட்டும் கணக்கில் 5 டெசிபெல் தள்ளுபடி செய்தனர். புதிதாக இடப்படும் பாதைகளுக்கு அத்தள்ளுபடியை 2015இல் நீக்கினர். 2020ஆம் ஆண்டின் இறுதியில், வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் பூட்டிய இரைச்சல் மிகுந்த சரக்குப் பெட்டிகளுக்குத் தடை விதித்தனர். அக்கட்டைகளே சக்கரத்தின் பரப்பைச் சொரசொரப்பாக்குபவை.

'அவை செல்வ நாடுகள்' என்று சிலர் சொல்லக்கூடும். பற்றவைத்த தண்டவாளமும், கான்கிரீட் சிலீப்பருக்கு மேல் வைக்கும் ரப்பர் தட்டும், மின் எஞ்சினும் நம் நாட்டிலும் வந்துவிட்டவைதாம். இரைச்சலைக் குறைக்க அவை வரவில்லை; வேகத்துக்காகவும் சிக்கனத்துக்காகவும் வந்தன. இரைச்சல் குறைந்தது அவற்றின் உடன்விளைவு. அதையே நோக்கமாகக் கொண்டு செய்யும் ஏற்பாடு நம் ஊர்ப் பாதைகளில் இன்னும் போதவில்லை. காரணம், கேட்க வேண்டியவர்கள் 'பழகிவிட்டது' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதே. இரயில் வேண்டாம் என்பவன் அல்லன் நான். எங்கள் குடும்பத்துக்குச் சோறிட்டது அப்பாதை. சாலைச் சரக்குந்துகள் நூறு செய்யும் வேலையை ஒரு சரக்கு வண்டி செய்துவிடுகிறது என்பதையும் அறிவேன். சோறிட்டவனிடமே 'சற்று மெல்லப் பேசு' என்று கேட்கும் உரிமை அண்டை வீட்டானுக்கு உண்டு.

பெரிய கோரிக்கைகள் நிறைவேறக் காலமாகும். அதுவரை நம் ஊரளவில் செய்யத்தக்க ஒன்றை இம்மலரைப் படிக்கும் ஜமாஅத் பெரியவர்கள் முன் வைக்கிறேன். இருப்புப்பாதையிலிருந்து மூன்று நான்கு தெரு தள்ளி நம் மதரசாக் கூடங்கள் உள்ளன. தடித்த சுவர், விளக்கு, மின்விசிறி, பாய் எல்லாம் உண்டு. இஷாத் தொழுகைக்குப் பின் அவை பூட்டிக் கிடக்கின்றன. பொதுத்தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் நெருங்கும் மூன்று மாதங்களுக்கு இரவு 10 மணி வரை அவற்றைப் படிப்பறையாகத் திறந்து வைக்கலாம். எச்சமயத்துப் பிள்ளையாயினும் பாதையோரத்துப் பிள்ளைக்கு முதலிடம் தரலாம். பெண் பிள்ளைகளுக்கு அஸர் முதல் மஃரிப் வரை தனி நேரம் ஒதுக்கலாம். மேற்பார்வைக்குத் தமிழ்த்துறையிலிருந்து முறை வைத்து இருவர் வரலாம் என்று துறை நண்பர்களிடம் பேசியிருக்கிறேன், ஐவர் இசைந்துள்ளனர். மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்பதும், சாவி யாரிடம் இருப்பது என்பதும் மட்டுமே இனிப் பேசி முடிக்க வேண்டியவை.